இரண்டு சர்க்கார், ஒரு கிணறு

1

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் என் மகள் ஜாஸ்மின் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதில் நான் இதுவரை கால் நனைத்ததில்லை. ஆனால் அதன் கரையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, உலர்த்தியிருக்கிறேன். குளத்தைச் சுற்றிப் பாவியிருக்கும் கல்லில் மத்தியான வெயில் விழுந்தால் தோசை வார்க்கலாம். அப்படிப்பட்ட இடத்தை வெள்ளைக்காரர்கள் மல்லாந்து படுக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாறசாலைக்குக் கிழக்கே, குன்னத்துகால் பக்கம், ஒரு காலைக் கேரளத்திலும் ஒரு காலைத் தமிழ்நாட்டிலும் நீட்டிக்கொண்டு மாவரைக்கிற ஊர் எனக்கு. படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுதக் கற்றது சபையின் ஞாயிறு பள்ளியில். ஆகையால் இதில் தப்பு இருந்தால் சபையைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் ஒரு முழுத் தவணை பஞ்சாயத்து மெம்பராகவும் இருந்தேன். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு சமயம் கிடைக்காது.

பெர்த் இருக்கிற இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் சுற்றி வேலி வேண்டும். வேலிக்குக் கதவு வேண்டும். யாரும் சாத்தாமலே அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஏறி நிற்கும்படி ஒரு பொருளும் இருக்கக்கூடாது. சில வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலிலிருந்து ஆள் வந்து அளந்து பார்ப்பார்.

இதெல்லாம் ஜாஸ்மின் எனக்குச் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அவித்து நறுக்கிய மரச்சீனியைச் சுளவு முறத்தில் பரப்பி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போகும்போது, அந்தக் கதவு பின்னால் வந்து என் முதுகில் ஓங்கி ஓர் இடி இடிக்கும். மாமியார்கூட என்னை அப்படி இடித்ததில்லை. ஒருநாள் பார்த்தேன், இரண்டுநாள் பார்த்தேன். பிறகு பாலராமபுரத்து நேரியது, மேலே போடுகிற துணி, ஒன்று கிழிந்து கிடந்ததில் கரையை மட்டும் உருவி, கதவை இழுத்துத் தூணோடு கட்டிவிட்டேன். காக்கையை விரட்ட உட்கார வேண்டுமே என்று வேலியோரம் ஒரு வாளியையும் கவிழ்த்துப் போட்டேன்.

அன்றைக்குத்தான் ஆள் வந்தார்.

2

மூக்கு மட்டும் வெயிலில் தக்காளி மாதிரி சிவந்த ஒரு பையன். கையில் அளக்கிற நாடா. ஜாஸ்மின் ராத்திரி டியூட்டி முடிந்து உள்ளே தூங்குகிறாள். மருமகன் சுரங்க வேலைக்குப் போனால் திரும்பி வர வாரங்கள் ஆகும். ஆகவே அரசாங்கத்தை வரவேற்க நான்தான் இருந்தேன்.

"இங்கேதான் குடியிருக்கிறீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"யெஸ், யெஸ். கேரளா" என்றேன்.

மரச்சீனியைக் குனிந்து பார்த்தான். ஏதோ செத்துப் போனதை உலர்த்துகிறேன் என்று நினைத்திருப்பான். ஒரு துண்டை நீட்டினேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான். நேரியதுக் கரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். அதுவரை அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அப்போது என் பேத்தி ஷெரின் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். நாலு வயசு. ஒரு காலில் மட்டும் செருப்பு. டிவியில் பொம்மைப் படம் முடிந்துவிட்டது போல. நேரே நடந்து, கட்டிப்போட்ட கதவு வழியாக, தண்ணீரைப் பார்த்து வந்துகொண்டே இருந்தாள். நான் குளத்துக்கு அந்தப் பக்கம், சுளவும் கையுமாக.

பையன் ஒன்றும் கத்தவில்லை. இரண்டு எட்டு வைத்து அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றான். "ஹலோ" என்றான். ஷெரினும் "ஹலோ" என்று மரியாதையாக நின்றாள். அவ்வளவுதான் நடந்தது. சுளவு எப்போது என் கையிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை, மரச்சீனி முழுவதும் தண்ணீரில் மிதந்தது.

அவன் எழுதிக் கொடுத்த தாளை ஜாஸ்மின் எழுந்து வந்து வாசித்தாள். வேலி தேறவில்லை, சரிசெய்ய வேண்டும், மறுபடி வந்து பார்ப்பார்கள் என்று அதில் இருந்ததாம். அவள் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

"அம்மா, நான் கெணத்துல விழுந்தது ஒனக்கு மறந்து போச்சா?" என்றுதான் கேட்டாள்.

நான் சுளவை எடுத்து, மிதந்த மரச்சீனியைத் தண்ணீரிலிருந்து அரிக்கத் தொடங்கினேன்.

"திங்கக்கிழமை மொதல் பிள்ளையை டேகேர்ல விடப் போறேன். நீ ரெஸ்ட் எடு" என்றாள்.

ரெஸ்ட்! இந்த ஊருக்கு நான் வந்ததே அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான். சோறு வேணுமா என்று கேட்டால் "நோ தேங்க்யூ, அம்மச்சி" என்கிற பிள்ளை. நன்றி சொல்லி மறுக்கிற பிள்ளையை எப்படி அதட்டுவது? அவள் பேசுகிறது எனக்குப் பாதி புரியாது, நான் பேசுகிறது அவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் பகல் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். திங்கட்கிழமை அவள் சாப்பாட்டுப் பை தோளில் போட்டுக் காரில் ஏறினாள். வீட்டில் நானும் குளமும் மிச்சம்.

3

ஜாஸ்மின் விழுந்த கிணறு என் கொழுந்தன் தங்கையனுடையது. என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவன், ரப்பர் வெட்டுகிறவன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்த வீட்டின் முன்வாசல் கேரளம், அடுக்களை தமிழ்நாடு. கிணறு இரண்டுக்கும் நடுவில். தங்கையனைப் போல வசதியாக வாழ்ந்த மனுஷன் கிடையாது. தமிழ்நாட்டு அதிகாரி யாராவது வந்தால் முன்வாசலில் நின்று, "இது கேரளமாணு சாரே" என்பான். கேரளத்து அதிகாரி வந்தால் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டு, "இது தமிழ்நாடாக்கும் சார்" என்பான். இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தால் என்ன செய்திருப்பானோ, அப்படி ஒருநாளும் வரவில்லை.

ஜாஸ்மினுக்கு அப்போது ஷெரினின் வயசுதான். இடவப்பாதி, ஜூன் மாசத்து மழை. ஒரு வாத்துக்குஞ்சின் பின்னால் ஓடியவள் அப்படியே உள்ளே போய்விட்டாள். தரை மட்டத்துக்கு வாய் பிளந்த கிணறு, சுற்றி ஒரு கல்கூடக் கிடையாது. தங்கையன் ரப்பர் கத்தியை வீசிவிட்டுக் குதித்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் வெட்டியிருந்த குழிகளில் கால் வைத்து ஏறி வந்தான். அதற்குப் பிறகு யார் விழுந்தாலும் அவன்தான் இறங்குவான். வெளியூர்க் கிணறுகளுக்கும் ஆள் வந்து கூப்பிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் கிணற்றில் ஆள் விழாத குடும்பம் குறைவு. பிழைத்தவர்கள் கல்யாண வீடுகளில் அதைக் கதையாகச் சொல்வார்கள். பிழைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிறகு கேரளத்தில் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஊர்க்காரியங்களை ஊரே பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் வார்டு பெண்களுக்கு விழுந்தது. கட்சிக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "அம்மா நின்னா போதும், பாக்கியை நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்கள். நாலாம் வகுப்புக்காரி, சொன்ன இடத்தில் ஒப்புப் போடுவாள் என்று கணக்கு. எனக்கு வாய் உண்டு என்பதை விசாரிக்க மறந்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் செக்ரட்டரி புதிய சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். இறைச்சிக் கடை, சாக்கடை, குடிவெள்ளம், கொசு. ஆண் மெம்பர்கள் டீக்குக் காத்திருந்தார்கள். நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஆபத்தான கிணறு இருந்தால் பாதுகாப்புச் செய்யச் சொல்லிக் கிணற்று உடமஸ்தனுக்குப் பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுக்கலாம் என்று ஒரு வரி வந்தது.

"சாரே, அதை ஒருக்கா கூட வாசியுங்கோ" என்றேன்.

வாசித்தார்.

"இன்னும் ஒருக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாக என் நெஞ்சில் கிடந்த ஒரு காரியத்தை யாரோ திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்! அன்றைக்கு எனக்குச் சர்க்கார் மேல் வந்த மரியாதை, அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

4

முதல் நோட்டீஸ் என் கொழுந்தனுக்குத்தான். நானே கூடப் போனேன். பஞ்சாயத்து கிளார்க்கைக் கண்டதும் தங்கையன் அடுக்களைக்கு ஓடினான்.

"இது தமிழ்நாடாக்கும் சார்."

"எலே, போன வாரம் ரேஷன் மண்ணெண்ணெய் எங்க வாங்கினே?" என்றேன்.

"மைனி, மண்ணெண்ணெய் கேரளம். கெணறு தமிழ்நாடு."

"சொவரு கட்டினா ஒனக்கு என்ன போச்சு? பஞ்சாயத்தே கட்டித் தரும்."

"என்னத்துக்கு சொவரு? நான் சத்தா போனேன்? ஆரு விழுந்தாலும் நான் எறங்கி எடுக்கமாட்டேனா? ஒங்க மவளை எடுத்தது இந்தக் கையாக்கும்."

கையை நீட்டிக் காட்டினான். என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த கை அது. சுவர் வந்தால் அந்தக் கைக்கு வேலை இருக்காது என்பதுதான் அவன் கோபம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆனாலும் விடவில்லை. அளக்க ஓவர்சியர் வந்தார். ஓர் எல்லைக்கல்லிலிருந்து அடுத்த எல்லைக்கல்லுக்குக் கயிறு பிடித்தார். கயிறு நேரே கிணற்றுக்கு நடுவே போனது. வாளி தமிழ்நாட்டில் இறங்கிக் கேரளத்தில் ஏறும். ஓவர்சியர் தலையைச் சொறிந்துகொண்டு, "கேரளத்தின் பணத்தைக் கேரளத்தில்தான் செலவாக்க முடியும், மெம்பரே" என்றார்.

கட்டினார்கள். கேரளப் பாதிக்கு இடுப்புயரச் சுவர், சிமென்ட் பூசி, பஞ்சாயத்துப் பெயரும் எழுதி. மறுபாதி பழையபடி வாயைப் பிளந்துகொண்டு. பார்க்க இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்கு "அரைக்கெணறு மெம்பர்" என்று பெயர் விழுந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அம்மச்சிக்கு அரை டிக்கெட்டா?" என்பான். நானும் கூடச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது. அந்த வழியாகத்தான் அங்கன்வாடிப் பிள்ளைகள் போகும். முன்பு நாலு பக்கமும் ஆபத்து என்று பயந்து நடந்தார்கள். இப்போது சுவர் இருக்கிறதே என்று ஓடிவரும் பிள்ளை, திறந்த பக்கமாகப் போனால்? நான் கட்டியது காவலா கண்ணியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் போய் மனுக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

5

அந்த வருடம் சபையில் அசனம் வந்தது. அசனம் என்றால் சபைக்காரர், அயல்காரர், இந்துக்கள், யார் வந்தாலும் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுகிற நாள். அசனச் சோறு தங்கையன் கிணற்று வெள்ளத்தில்தான் வேகும். அது அவன் குடும்பத்துக்குள்ள மரியாதை. காலையிலேயே வெள்ளை முண்டு உடுத்திக் கிணற்றங்கரையில் மாப்பிள்ளை மாதிரி நிற்பான்.

பெண்கள் எல்லோரும் திறந்த பக்கத்தில் நின்றே இறைத்தார்கள். சுவருக்கு மேலாகத் தண்ணீர் கோருவது பழக்கமில்லை, முழங்கை இடிக்கிறது என்றார்கள். நான் ஒவ்வொருத்தியையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் விழுந்தது ஆள் அல்ல, சபையின் பெரிய செம்பு வாளி. கயிறு அவிழ்ந்து உள்ளே போனது.

"ஆரும் அனங்கண்டாம்" என்று யாரையும் அசையவிடாமல் கை காட்டினான் தங்கையன். முண்டை மடித்துக் கட்டினான். நரைத்த மார்பைத் தட்டிக்கொண்டு இறங்கினான். பந்திக்கு வந்த கூட்டம் முழுவதும் சுற்றி நின்றது. முங்கினான், வாளியை எடுத்தான், கயிற்றில் கட்டிவிட்டான். வாளி மேலே வந்தது. கை தட்டினார்கள். வாளிக்குப் பின்னால் அவனும் ஏறினான். பாதி தூரம் வந்தவன் நின்றுவிட்டான்.

"எலே தங்கையா?"

"நிக்கியேன் மைனி."

"என்னத்துக்கு நிக்கே?"

"சும்மா. மூச்சு விடியேன்."

உள்ளேயிருந்து மூச்சு மட்டும் கேட்டது. கிணற்றுக்குள் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஒரு காலைத் தூக்கி அடுத்த குழியில் வைத்தான், வைத்த கால் வழுக்கிப் பழைய குழிக்கே இறங்கியது.

"மைனி" என்றான் மெதுவாக. "ஏற முடியல்ல."

போதகர் உட்காருகிற கைநாற்காலியைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்கினார்கள். சமையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். ஊரில் எத்தனையோ பேரைத் தூக்கியவன், போதகர் நாற்காலியில் நனைந்த கோழி போல மேலே வந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் துவர்த்துத் துண்டைக் கொடுத்துக் கேட்டேன்:

"கொழுந்தனே, இப்ப எந்த மாநிலத்துல இருக்கே?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவனும் சிரித்தான். தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தவன், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"மைனி, ஜாஸ்மினை எடுத்த அன்னைக்கு எனக்கு என்ன பிராயம்?"

"கல்யாணம்கூட ஆகல்ல."

"இன்னைக்கு அவ விழுந்திருந்தா..." என்றான். துவர்த்தைப் பிழிந்து என்னிடம் கொடுத்தான். "இதை அவளுக்கு எழுதிராதீங்க" என்றான்.

அந்த வாரமே அவன் தன் பறம்பு நிலத்திலிருந்து கல் வெட்டினான். ஒரு கொத்தனைக் கூட்டி, தானே மண் குழைத்து, தமிழ்நாட்டுப் பாதியைக் கட்டி முடித்தான். சர்க்கார் பாதியைவிட ஒரு வரிசை கல் உயரம். ஏன் என்று கேட்டால், "சர்க்காரு சர்க்காருக்க அளவுக்குக் கட்டிச்சு, நான் எனக்க அளவுக்குக் கட்டினேன்" என்றான். அடுத்த மழைக்கு முன்னே எங்கள் வார்டில் சுவர் இல்லாத கிணறு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்களும் வந்து பார்த்துவிட்டு, நோட்டீஸ் எதுவும் இல்லாமல் தங்கள் கிணறுகளுக்குக் கட்டிக்கொண்டார்கள். அரைக்கிணறு மெம்பர் என்று பிறகும் கூப்பிட்டார்கள். அப்போது அது பட்டம்போல இருந்தது. இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

6

ஜாஸ்மின் அப்போது ஊரில் இல்லை. சுவர் வந்தது தெரியும், சித்தப்பா மாட்டிக்கொண்டது தெரியாது. இத்தனை வருடம் நானும் வாக்கைக் காத்தேன். ஷெரின் டேகேர் போன அந்த வாரக் கடைசியில், அடுக்களையில் ஜாஸ்மின் வெங்காயம் நறுக்கும்போது சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள்.

"மறந்துட்டியான்னு கேட்டியே மக்கா" என்றேன். "மறக்காததுனாலயாக்கும் அந்தக் கெணத்துக்குச் சொவரு இருக்கு. அப்புறமும் நான் இங்க கதவைக் கெட்டிப் போட்டேன். முதுகுல இடிச்சதுக்கு. அந்தச் செவந்த மூக்கன் மட்டும் நிக்காம இருந்தா..." தங்கையனைப் போல நானும் பாதியில் நிறுத்தினேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு ஊருக்கு போன் போட்டாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"சித்தப்பா, அசனத்தன்னைக்கு நாற்காலில ஏறி வந்தீங்களாமே?"

அந்தப் பக்கம் யாரையோ ரேடியோவை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது.

"ஒங்க அம்மைக்க வாயில சொவரு கட்ட ஒரு சட்டம் வரல்லியே பிள்ளே" என்றான் தங்கையன். ஜாஸ்மின் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள்.

"அங்கத்தெ கொளத்துக்கு வேலி எவ்வளவு ஒசரம்?" என்று அவன் கேட்டான்.

"எனக்க நெஞ்சு வரைக்கும் வரும் சித்தப்பா."

"நம்மது அதைவிடக் கூடுதலாக்கும்."

பச்சைப் பொய். இருந்தாலும் நான் திருத்தவில்லை.

சிவந்த மூக்குப் பையன் மறுபடி வந்தான். வாளி இல்லை, முடிச்சு இல்லை. கதவைத் திறந்து விட்டான், அது தானாக வந்து சாத்திக்கொண்டது. இன்னொரு தடவை. சரி என்று எழுதிக் கொடுத்தான். எங்கள் கிணற்றைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது, அதற்குள்ள இங்கிலீஷ் என்னிடம் இல்லை. "ஐ மெம்பர்" என்று மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். என்ன புரிந்ததோ, கை கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை ஜாஸ்மின் டியூட்டிக்குக் கிளம்பினாள். கார் போன சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஷெரினின் டேகேர் சாப்பாட்டுப் பை ஆணியிலேயே தொங்கியது, பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஷெரின் மேசைக்கடியில் உட்கார்ந்து என் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் குளத்துக் கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அவளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் கார் நிற்கிற கொட்டகையின் தகரத்தைப் பார்த்தோம். அதிலும் நல்ல வெயில் விழுகிறது. மரச்சீனி உலர்த்துவதற்கு அங்கே இன்னும் சட்டம் ஒன்றும் வரவில்லை.